ஈர வேஷ்டியில் விழுந்த கரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாவு ஆலை இருந்தது. நிலக்கரி எரித்துத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். வெளிச்சம் அதற்கு, கரி எங்களுக்கு. என் மனைவிக்கு மூச்சு இழுப்பு. இந்தப் புகையில் இருந்தால் பிழைக்க மாட்டாள், வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நாளில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. வீட்டை மாற்றுவதைவிட ஆலையை அடக்குவது சுலபம் என்று முடிவு செய்தேன். எனக்கு அவ்வளவு திமிர்.

ஆலைப் புகையைக் கட்டுப்படுத்தவும் விதி உண்டு என்று தெரிந்துகொண்டு கார்ப்பரேஷனில் மனு போட்டேன். சாட்சிக்காக ஒரு வெள்ளை வேஷ்டியை மொட்டை மாடியில் எட்டு நாள் விரித்து வைத்தேன். சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிற காலையில் மாடி ஏறினால் வேஷ்டியைக் காணோம். கீழே என் மனைவி அதைத் துவைத்துப் பிழிந்து கையில் வைத்திருந்தாள்.

"ஆத்துக்கு வர்றவாளுக்கு அழுக்கு வேஷ்டியையா காட்டறது? மானம் போகாதோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்த வாயெடுப்பதற்குள் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். அவள் பதறவே இல்லை.

"ஈரத்தோட அப்படியே மாடிக் கொடியில போடுங்கோ. அவர் காபி சாப்பிடட்டும்."

காபி முடிந்து, ஊர்க்கதையும் தீர்ந்து மாடி ஏறினோம். வேஷ்டி முழுக்கக் கரும்புள்ளி. இன்ஸ்பெக்டர் ஒன்றைத் தொட்டுத் தேய்த்தார். விரல் கறுத்தது.

புகைபோக்கியை இரண்டு மடங்கு உயர்த்தச் சொல்லி உத்தரவானது. இழுப்பு அடங்கியது. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை சாந்தோம் கடற்கரைப் பக்கம் போனேன். மணலில் காயப்போட்ட கருவாட்டை ஒரு பெண் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தைக்கு மூச்சு இழுத்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"என்னம்மா இது?"

"கரி சாமி. அந்தப் புகைபோக்கிய ஒசத்திட்டாங்க இல்ல, மேக்கேருந்து காத்து அடிச்சா அல்லாம் இங்கதான் வந்து கொட்டுது. யாரோ மனு போட்டானாம். நல்லா இருக்கட்டும் மகராசன்."

வெட்கமாகப் போய்விட்டது. "நான்தான்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒனக்கு எழுதத் தெரியும் இல்ல? அப்ப எங்களுக்கும் ஒண்ணு எழுது."

மறுநாள் அதே வேஷ்டியை நனைத்து எடுத்துப் போய், அவள் வலை காயப்போடும் கொம்பில் கட்டினேன். இந்த மனுவில் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கரியையே குறைக்கச் சொல்லி எழுதினேன்.