ரெபேக்காளின் மூன்று பேர்

“வலை எங்கன்னா மாட்டிக்கினு கிழியுதாண்ணா?” மாமல்லபுரம் கரையில் படகைவிட்டு இறங்குகிறவர்களிடம் ரெபேக்காள் முதலில் கேட்பது இதைத்தான். மீன் விலையெல்லாம் அப்புறம். ஒருவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அடுத்த படகுக்குப் போயிருப்பாள்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. “மூச்சை இழுத்துப் புடிங்க” என்று சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்து நோயாளியைத் திணற வைத்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் கடலில் விழுந்த ஒரு பிரிட்டிஷ் கடற்படை விமானம் அவளை அப்படிப் பிடித்து ஆட்டுகிறது. வலை மாட்டிக் கிழிகிற இடத்தில் அது கிடக்கலாம் என்பது அவள் கணக்கு. அதில் விமானி, வழி சொல்பவர், துப்பாக்கி வீரர் என்று மூன்று பேர். ஒருவரின் உடல் மட்டும் கரை ஒதுங்கியது. திருவிடந்தைப் பக்கத்துக் கல்லறைத் தோட்டமொன்றில் பெயரில்லாத சிலுவையின் கீழ் கிடக்கிறது. மாமியாரை அடக்கம் செய்யப் போன அன்று அதைப் பார்த்து, “இது யாருது?” என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அன்று போனது அவள் தூக்கம்.

ஊர் ஊராக விசாரித்து, இங்கிலாந்துக்கு எழுதி, மூவரின் பெயரையும் பிடித்துவிட்டாள். கப்பல் மேல்தளத்தில் மூன்று பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிரிக்கிற படம், இப்போது வீட்டு ஃபிரிட்ஜ் கதவில். “உசுரோட கீறவன் நான் ஒருத்தன். என்னாண்ட பேச உனக்கு நேரமில்ல,” என்பார் கணவர் ஸ்டான்லி.

படத்தை அனுப்பியவர் துப்பாக்கி வீரரின் மகள் ஆலிசன். அப்பா செத்த பிறகு பிறந்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார். கல்லறையில் இருப்பது தன் அப்பாதான் என்று நம்பினார். ரெபேக்காளும் அதையே வேண்டிக்கொண்டாள். ஆலிசன் விமான டிக்கெட் எடுத்த வாரம், மீனவர் தாமோதரன் பேச்சுவாக்கில் சொன்னார்: “அந்தப் பொணத்தத் தூக்குனது எங்க நைனாதான். முன்கைல குருவி மாதிரி பச்ச குத்திக்கினு இருந்தானாம்.”

“இத்தினி வருசமா ஏண்ணா சொல்லல?”

“நீ வலையப் பத்திதான கேட்ட? பொணத்தப் பத்தி எப்ப கேட்ட?”

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அழுக்கு என்று அவள் நினைத்திருந்த கறைக்கு இறக்கை இருந்தது. அது வழி சொல்பவரின் கை. துப்பாக்கி வீரரின் இரண்டு கைகளும் சுத்தமாக இருந்தன.

“அந்தம்மாவுக்கு இன்னா தெரியப்போவுது? வரட்டும், பூ வெச்சிட்டு சந்தோசமா போவட்டும்,” என்றார் ஸ்டான்லி.

“அப்போ அந்தக் கல்லுக்கு அடியில கீறவனுக்கு யாரு பூ வெக்கிறது?”

வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். கடைசியில் ஆலிசனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம், “அப்படியானால் அப்பா எங்கே?” என்று குழந்தைபோல ஒரு குரல். “கடலில்தான் அம்மா,” என்றாள் ரெபேக்காள்.

ஆலிசன் இனி வரமாட்டார் என்றே நினைத்தாள். மாசியில், கடல் தணிந்திருந்தபோது, கைத்தடியோடு வந்து இறங்கினார். கல்லறையில் இருந்த அந்த வேற்று மனிதருக்குப் பூ வைத்து, பெயரைச் சத்தமாகச் சொன்னார். பிறகு கடலுக்குப் போகவேண்டும் என்றார்.

தாமோதரன் படகைக் கரை மறையும் தூரம்வரை ஓட்டினார். “எங்க நிறுத்தணும்மா?”

“தெரியாதுண்ணா. எங்கன்னா நிறுத்து.”

என்ஜின் ஓய்ந்தது. ஆலிசன் விளிம்பில் குனிந்து, கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டார். எதையோ துழாவுவதுபோல விரல்கள் விரிந்தன. ரெபேக்காள் அவருக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.