நடத்தை: நன்று

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்ததைக் கடமை என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போடியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். பாடம் நடத்துவதைவிட ஒழுக்கக் குழுவில்தான் எனக்குப் பெயர். சாயங்காலம் பள்ளி விட்டதும் நானும் இன்னொரு டீச்சரும் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்போம். எவள் எந்தப் பையனிடம் பேசுகிறாள், எவள் வந்த பஸ்சை விட்டுவிட்டு பேக்கரி வாசலில் நிற்கிறாள், எவள் இரட்டைச் சடையை அவிழ்த்து ஒற்றையாகப் போட்டுக்கொள்கிறாள் என்று பார்த்து வைத்து, மறுநாள் பிரேயரில் எழுப்பிக் கேட்போம். எங்கள் தலையைக் கண்டதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள். பொய் சொல்வானேன், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடப்பதை நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். நான் மைக்கை வாங்கி, "சீருடையைக் கழட்டினாலும் அவ எங்க பிள்ளைதான் சார்" என்றேன். ஹால் முழுக்கக் கைதட்டல். அம்மாக்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியை அந்த வரியை எழுதி பிரேயர் ஹால் சுவரில் மாட்டச் சொன்னார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

அவள் பக்கத்துச் சிலமலைக் கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா இல்லை. அம்மா தினமும் விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே போய் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். லீவு நாளில் இவளும் கூடப் போவாள். நன்றாகப் படிப்பாள். நர்சிங் படிக்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பதில் தெரிந்தால் கையைத் தூக்காமலே சொல்லிவிடுவாள், அது ஒன்றுதான் அவளிடம் இருந்த கெட்ட பழக்கம்.

அந்த வருடம் வாசனைப் பயிர்கள் பாடம் எடுக்கும்போது போர்டில் ஏலச்செடி வரைந்தேன். உயரமான தண்டு, நீள இலை, உச்சியில் கதிர் மாதிரி கொத்தாகக் காய். எனக்குப் பிறந்த வீட்டிலும் ஏலக்காய் வியாபாரம், புகுந்த வீட்டிலும் அதுதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் மோந்து பார்த்து ரகம் சொல்வேன். ஆனால் காயை நான் பார்த்ததெல்லாம் சாக்கிலும் தட்டிலும்தான்.

அவள் எழுந்தாள். "டீச்சர், அங்க காய்க்காது. அடியில தரையோட சரம் ஓடும், அதுலதான் காய்க்கும். குத்தவச்சுத்தான் எடுக்கணும்."

பின்பெஞ்சிலிருந்து எவளோ ஒருத்தி, "டீச்சர் வீட்டுல சாக்குல காய்க்கும்டி" என்றாள். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எனக்காகச் சங்கடப்பட்டு நின்றாள். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். கையைத் தூக்காமல் பேசியதற்காக அவளை அந்த வகுப்பு முடியும்வரை வராந்தாவில் நிற்க வைத்தேன்.

காலாண்டு விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை டீச்சர்கள் எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்து மூணாறு போனோம். திரும்பி வரும்போது பாட்டைச் சத்தமாக வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேனுக்குள் குத்தாட்டம். நானும் ஆடினேன். போடிமெட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்று திரும்ப முடியாமல் மறித்துக்கொள்ள, எங்கள் வேன் நின்றது. பக்கத்தில் தோட்டத்து ஜீப்பு ஒன்றும் வந்து நின்றது. பின்னால் பெண்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்து எங்கள் ஆட்டத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

முன்சீட்டில் அவள். கண்ணை மூடி, டிரைவர் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். டிரைவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு கையால் அவள் தோளைச் சுற்றிப் பிடித்திருந்தான்.

ஆறு டீச்சர்கள் ஒரே ஜன்னலில் முட்டினோம். அவள் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாள். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எல்லாரும் துணிக்கு மேல் அந்தச் சட்டையைத்தான் போடுவார்கள், போடியில் பிறந்த யாருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒரு டீச்சர், "அவன் சட்டையா இருக்குமோ?" என்றபோது எங்களில் ஒருத்திகூட இல்லை என்று சொல்லவில்லை. நான் போனை எடுத்து நாலு போட்டோ பிடித்தேன். கோபத்தில் என்று அன்று நினைத்தேன். சந்தோஷத்தில்தான்.

மலை இறங்கி முந்தல் செக்போஸ்ட் பக்கம் வந்ததும் சிக்னல் கிடைத்தது. நல்லதாக ஒரு போட்டோவைத் தலைமையாசிரியைக்கு அனுப்பினேன். வீடு போய்ச் சேர்வதற்குள் டீச்சர்கள் குரூப்பிலும் அது வந்துவிட்டது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரு பிள்ளை? பாவம், மேலுக்கு முடியலையாக்கும்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முன்சீட்டுலல்ல உக்காந்திருக்கு? தோட்டத்து ஜீப்புல முன்சீட்டு முடியாதவளுக்குத்தான். வாந்தி எடுக்குறவ, மயக்கம் போட்டவ, மாசமா இருக்குறவ. நல்லா இருக்குறவ எவளாச்சும் ஏறி உக்காந்தா மத்த பொம்பளைக கிழிச்சுருவாளுக. டிரைவர் பிடிச்சிருக்கான் பாரு, வளைவுல விழுந்துரக் கூடாதுன்னு." ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். அவருக்கு அது மழை பெய்தால் ரோடு நனையும் என்பது மாதிரி ஒரு விஷயம்.

ஒரு வரி அடித்து அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். 'மேடம், விசாரிச்சேன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாம்.' போனைக் கையில் எடுத்தேன். குரூப்பில் வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். 'நம்ம டீச்சர் கண்ணுக்கு எதுவும் தப்பாது' என்று ஒருத்தி போட்டிருந்தாள். அதற்குக் கீழே போய், நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று எழுத வேண்டும். மறுபடியும் ஒருமுறை இவளால் மூக்கு உடைய வேண்டும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. "விஷயம் தெரிஞ்சிருச்சு, பயந்துட்டா" என்றார்கள் ஸ்டாஃப் ரூமில். நானும் தலையாட்டினேன். புதன்கிழமை அம்மாவோடு வந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்துபோய் இருந்தது. தலைமையாசிரியை மேசை மேல் போனை வைத்து அம்மாவிடம் காட்டினார். அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, மகளுக்கு முடியாமல் போனதைப் பள்ளிக்கூடம் விசாரிக்கிறது என்று நினைத்தார் போலிருக்கிறது. "ஆமாங்க மேடம், அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டோம்" என்றார். தலைமையாசிரியை போட்டோவில் டிரைவரின் கையைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் அவருக்கு வேறு ஏதோ என்று உறைத்தது.

அவள்தான் சொன்னாள். "பக்கத்துத் தோட்டத்துல பூச்சி மருந்தடிச்சாங்க மேடம். காத்துல எங்க பக்கம் வந்துருச்சு. எனக்குத் தலை சுத்தி வாந்தியா வந்துச்சு. கூடக் காய் எடுக்குற மலையாளத்து அக்கா, ஒரு சேச்சி, தண்ணி தெளிச்சுத் தூக்கிட்டு வந்து முன்னாடி உக்கார வச்சாங்க. முடியாதவங்களை அங்கதான் மேடம் உக்கார வைப்பாங்க."

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுல ஏலக்காய்தான டீச்சர். அப்படி ஒரு வழக்கம் இருக்கா?" என்று கேட்டார்.

அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் சொன்னால் செல்லாது.

"எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

அவள் அவசரமாக, "டீச்சருக்குத் தெரிஞ்சிருக்காது மேடம். அவுக தோட்டம் பாத்ததில்ல" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். நான் பொய் சொல்வேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் என் காதில் விழுந்தது போர்டும் சாக்கும் சிரிப்பும்தான். "பாத்தீங்களா மேடம், எப்படி எதுத்துப் பேசுறா" என்றேன். அதோடு முடிந்தது.

எங்கள் பள்ளியில் யாரையும் நீக்குவது கிடையாது. நீக்கினால் மேலே பதில் சொல்ல வேண்டும். அதனால் பெற்றோரே நிறுத்திக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொள்வோம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேப்பரையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளின் படிப்பைத் தொடர இயலவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நடுவில் நிமிர்ந்து, "டீச்சர், பப்ளிக் எக்ஸாமுக்குப் பேரு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். "அதெல்லாம் இனி நீ யோசிக்க வேண்டாம்" என்றேன். அம்மா கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். ஏலக்கறை ஏறிய விரல். மை எது, கறை எது என்று தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து டி.சி. வாங்க இரண்டு பேரும் வந்தார்கள். ஆபீசில் ஆள் இல்லாததால் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க டீச்சர். பிள்ளையைப் பத்தித் தப்பா ஏதும் எழுதிறலையே?" என்றார்.

பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, அங்க அடையாளம் என்று வரிசையாக வாசித்தேன். கடைசியில் "நடத்தை: நன்று" என்று வாசித்தேன்.

"நன்றுன்னா நல்லதுதான டீச்சர்?"

"ஆமாம்மா."

"அப்பறம் எதுக்கு வெளிய அனுப்புறீக?"

கேள்வியில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அந்தச் சின்ன ஆபீஸ் ரூமில் நின்றுகொண்டு, "அது எல்லாருக்கும் போடுறதும்மா" என்றேன். என் வாழ்க்கையில் அந்தப் பிள்ளை விஷயத்தில் நான் பேசிய ஒரே உண்மை அதுதான்.

அம்மா காகிதத்தை நாலாக மடித்து மகளிடம் கொடுத்தார். "சரி, வா. நாளையிலருந்து நீயும் தினம் வந்துரு. தோட்டத்துல ஆளு பத்தலைன்னு கங்காணி சொன்னாரு" என்றார். அவள் என்னைப் பார்த்து, "வர்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தாள். அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. அதற்கடுத்த வருடமும் எழுதவில்லை என்று சிலமலைப் பிள்ளைகள் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டா என்று இப்போதும் கூட்டங்களில் பேச்சு வரும். உண்டு என்பவர்களும் இல்லை என்பவர்களும் நன்றாகவே பேசுகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. அந்த மலையில் தோட்டத்துப் பெண்களுக்குள் யாரை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு இருந்தது. எங்கள் வேனில் அப்படி ஒன்றும் இல்லை. அதைச் சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கும், எனக்கு இன்னும் ஓய்வுபெற ஏழு வருடம் இருக்கிறது.

போன வாரம் அதே பாடம் வந்தது. தோட்டத்துப் பக்கம் இன்னும் போனதில்லை, ஆனாலும் ஏலச்செடியை இப்போது சரியாக வரைகிறேன். தண்டுக்கு அடியில், தரையோடு ஓடுகிற சரத்தில் காய். "குத்தவச்சுத்தான் எடுக்கணும்" என்றும் சொல்கிறேன், அவள் சொன்ன மாதிரியே. முன்பெஞ்சில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, நான் தலையாட்டும்வரை காத்திருந்து, "டீச்சர், நீங்க தோட்டத்துக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"போயிருக்கேன்" என்றேன்.