டாஷ்போர்டில் அரை பாட்டில் தண்ணீர்

என் காரின் டாஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். பாதி வரைதான் தண்ணீர். அந்தப் பாதியைச் சுற்றி, தண்ணீர் மட்டத்துக்கு நேராக, ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். பாட்டில் விழாமலிருக்கக் கட்டுக்கம்பியால் ஒரு வளையம். யாருக்குத் தாகம் எடுத்தாலும் அதைத் தொட விடமாட்டேன். "பாலைவனத்துல இருந்து வந்த மனுசன், பக்கத்துல தண்ணிய வச்சுக்கிட்டே பொண்டாட்டியக் காய வைக்கிறாரு" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பாட்டில் நானே வாங்கியதுதான். ஆனால் அந்தப் பழக்கம் என்னுடையதல்ல, என் அக்காவின் கணவருடையது.

மச்சானுக்குச் சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டிப் பல வருடப் பழக்கம். பிறகு என் பேச்சை நம்பி, அபுதாபியில் ருவைஸ் பக்கம் நான் வேலை பார்த்த சாரக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். அங்கே நான் ஸ்டோர்கீப்பர். இரும்புக் குழாய்க்கும் கிளாம்புக்கும் காவல் இருப்பதுதான் என் உத்தியோகம். மச்சான் எந்த வண்டியில் ஏறினாலும் முதல் வேலையாக அரை பாட்டில் தண்ணீரை டாஷ்போர்டில் நிறுத்தி, மட்டத்துக்கு டேப் ஒட்டுவார். பின்னால் பாரம் அதிகமாகி வண்டி உட்கார்ந்தால் ஓட்டுபவரின் பக்கம் தண்ணீர் டேப்பைத் தாண்டி ஏறும். பாரம் ஆடினால் தண்ணீரும் ஆடும். "கண்ணாடியப் பாத்து ஓட்டுறவன் பின்னாடி வர்றவனுக்குப் பயந்தவன். நான் தண்ணியப் பாத்து ஓட்டுறவன் மாப்ள" என்பார். அடக்கம் என்பது அவர் ஓட்டிய எந்த வண்டியிலும் ஏற்றப்படாத சரக்கு. தம்மாமில் தனக்குப் பிறகு ஒழுங்காக ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்த ஆள் யாரும் பிறக்கவில்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலத்துக்கு முன்பு எங்கள் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. அவரை எல்லோரும் அர்பாப் என்றுதான் அழைப்போம். குளிர் தொடங்கினால் அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு பாலைவனத்தில் கூடாரம் போட்டு வாரக்கணக்கில் தங்குவார்கள். அர்பாப்புக்குக் கூடாரம் அலுத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஒரு வீட்டையே வரவழைத்தார். படுக்கையறை, அடுப்படி, குளியலறை எல்லாம் சக்கரத்தின் மேல். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் என்று பெயர். சாதாரண கேரவனை வண்டியின் வாலில் மாட்டி இழுக்கலாம். இது அப்படியில்லை. இதன் கழுத்து பிக்கப்பின் பின் தொட்டிக்குள் ஏறி, பின் அச்சுக்கு மேலே போட்ட இரும்புத் தட்டில் உட்காரும். அதாவது பிக்கப் இதை இழுத்தால் மட்டும் போதாது, முதுகில் சுமக்கவும் வேண்டும். இதற்கேற்ற பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், டிரெய்லரோடு வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை ஆபீசில் நான்தான் தலைகீழாகப் பிடிக்காமல் வைத்திருந்தேன்.

ஓட்டுவதற்கு மச்சான் என்று முடிவானது. அதோடு அர்பாப் இன்னொன்றும் சொன்னார். முகாமில் சமைக்க ஆள் வேண்டும், டிரைவரின் பீவி நன்றாகச் சமைப்பாள் என்றால் அவளுக்கும் விசா எடுக்கலாம், வில்லாவின் பின்பக்க அறையில் இரண்டு பேரும் இருந்துகொள்ளலாம் என்றார். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் ஓர் அறைக்குள் அடுக்குக் கட்டிலில் ஆறேழு பேரோடு படுத்துக்கொண்டு, அக்காவோடு போன் கார்டிலேயே குடும்பம் நடத்திய மனிதருக்கு இது என்ன செய்தி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அவர் சவரம் செய்துகொண்டார். போனில் அக்காவிடம், "மீன் கொழம்பு வைக்கப் பழகிக்க, இங்க மீனுக்குப் பஞ்சமில்ல" என்றார். கட்டிய நாளிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் சாப்பிட்டது அவள் வைத்த மீன் குழம்புதான். சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

அடுத்த நாள் ஷோரூமுக்குப் போனோம். அர்பாப்பின் சொந்தக்காரருடைய ஷோரூம். அங்கே ஒரு சிவப்பு பிக்கப் நின்றது. நான்கு கதவு, குரோமியப் பற்கள், உள்ளே தோல் சீட்டு. அர்பாப் அதைச் சுற்றி வந்தார். மச்சானும் சுற்றி வந்தார். இரண்டு பேரும் பெண் பார்க்க வந்தவர்கள் போலவே இருந்தார்கள். இழுவைத் திறன் எவ்வளவு என்று விளம்பரப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதில் குறையே இல்லை. ஆனால் டிரைவர் கதவைத் திறந்தால் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர். வண்டியின் முதுகு எவ்வளவு தாங்கும், அதுவும் உள்ளே உட்காருபவர்களின் எடையையும் சேர்த்து, என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் டிரெய்லரின் கழுத்து ஏற்றும் எடை அதைவிட மிக அதிகம். காலி டிரெய்லருக்கே அந்தக் கணக்கு. பாலைவனத்துக்குப் போகிறவர்கள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பாமல் போவதில்லை. கம்பளம், அரிசி மூட்டை, ஜெனரேட்டர் வேறு. போதாக்குறைக்குப் பிக்கப்பின் பின் தொட்டி குட்டை. ஒடித்துத் திருப்பினால் டிரெய்லரின் மூக்கு கேபின் கண்ணாடிக்கு உள்ளேயே வந்துவிடும்.

பின்வரிசையில் இன்னொன்று நின்றது. வெள்ளை. பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயராக நான்கு டயர், நீளத் தொட்டி, டீசல். இடுப்பு பெருத்து, கேஸ் சிலிண்டர் ஏற்றுகிற வண்டி மாதிரி இருக்கும். அதன் ஸ்டிக்கர் எங்கள் டிரெய்லரைத் தாங்கும் என்றது. நான் அதைக் கைகாட்டினேன். அர்பாப் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏ பானி டேங்கர்" என்றார். தண்ணீர் லாரி என்று அர்த்தம். மச்சான் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

எனக்குப் பயம் வந்தால் அது மூளைக்குப் போகாது. முதலில் வயிற்றில்தான் டியூட்டிக்குச் சேரும். அந்த வாரம் முழுக்க ஸ்டோருக்கும் கக்கூசுக்கும் நடந்து நடந்தே இளைத்தேன். கேம்ப் சமையல்காரர், மெலிந்த தஞ்சாவூர்க்காரர், எல்லோர் முன்னாலும், "வண்டியோட எஞ்சினு எப்பிடியோ, நம்ம ஸ்டோர்கீப்பரு எஞ்சினு ஓயாம ஓடுது" என்றார். வேண்டாம் என்று சொன்னால் அர்பாப்புக்குக் கோபம் வரும். அவர் கோபத்துக்கும் என் விசாவுக்கும் இடையே ஒரு பேனா தூரம்தான். சரி என்று சொன்னால், நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே, வேகமாகப் போகிற வண்டியை முதுகில் இருக்கிற வீடு தள்ளிக்கொண்டு போகும்போது உள்ளே இருப்பது என் அக்காவின் புருஷன். இந்த இரண்டு பயமும் மாறி மாறி ஷிப்ட் போட்டன.

அறையில் மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இழுக்கும் மாப்ள. கப்பலக் கட்டினாலும் இழுக்கும்."

"இழுக்காதுன்னு நான் சொல்லல மச்சான். முதுகு தாங்காது. நிறுத்தினா நிக்காது."

"நிறுத்துறது என் பாடு. தம்மாம்ல நான் இழுக்காத பாரமா?"

"அது பாரம் சுமக்கன்னே செஞ்ச வண்டி. இது காசுக்காரன் மார்க்கெட்டுக்குப் போறதுக்குச் செஞ்சது."

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், அதனால் பயமாக இருந்தது. "ஒங்கக்கா இங்க வரணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு. அந்த ஆளுக்குச் செவப்பு வண்டியில ஆசை. வண்டி பிடிச்சாத்தான் முகாம். முகாம் இருந்தாத்தான் சமையலு. நீ ஸ்டிக்கரப் படிச்சுக் காட்டி என் குடும்பத்தக் கெடுத்துராத."

நான் மறுபடி வெளியே போனேன். எங்கே என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ஷோரூமிலிருந்து சிவப்பு வண்டியைக் கேம்ப்புக்கே ஓட்டி வந்தார் அர்பாப். டிரெய்லருக்கான தட்டு இன்னும் போடவில்லை. கழுத்தின் எடைக்குச் சமமாக எதையாவது ஏற்றி ஒரு முறை பார்த்துவிடலாமே என்று கெஞ்சினேன். சிமெண்ட் மூட்டை ஏற்றலாம் என்றேன். பெயிண்ட் கீறும் என்று மறுத்துவிட்டார். பிறகு அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. மனிதர்கள் கீறமாட்டார்கள். பிரியாணி என்று சொன்னதும் கேம்ப் திரண்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். வெயிலில் சுட்ட தொட்டித் தகரத்தில் வெறுங்காலோடு ஆட்கள் நெருக்கி நின்றார்கள். "சார், எடை சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று சமையல்காரர் கேட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் வண்டியின் பின்பக்கம் முனகிக்கொண்டு உட்கார்ந்தது. ஹெட்லைட்டுகள் பட்டப்பகலில் வானத்தைப் பார்த்தன.

டாஷ்போர்டில் பாட்டில் இருந்தது. நான் கேட்டுக்கொண்டபடி மச்சானே, எனக்குப் பாடம் புகட்டுகிற மிடுக்கோடு, வைத்திருந்தார். டிரைவர் சீட்டிலிருந்த அவர் அதைப் பார்த்தார். ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். தண்ணீர் எங்கள் பக்கம் டேப்பை முழுக்கக் கடந்து ஏறி நின்றது. அவர் முகத்தில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அர்பாப் எட்டிப் பார்த்து, "டிரைவர், தும் போலோ. கைசா?" என்று கேட்டார். நீ சொல், எப்படி இருக்கிறது என்று அர்த்தம்.

மச்சான் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "மாஃபி முஷ்கில், அர்பாப்" என்றார். ஒரு பிரச்சினையும் இல்லை.

அவர் தண்ணீரை அளப்பதைத்தான் நான் எப்போதும் பார்த்திருக்கிறேன். அதைக் குடித்து அன்றுதான் பார்த்தேன். அதுவரை வயிற்றிலேயே கிடந்த பயம் என்ன நினைத்ததோ, தொண்டைக்கு ஏறிவிட்டது. "அர்பாப், நீங்களே ஒருதடவை ஓட்டுங்கள். நானும் பின்னால் ஏறுகிறேன்" என்று எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் சொன்னேன். கம்பெனியிலேயே கனமான ஆள் நான். ஏறியதும் ஆட்கள், "ஐயோ, இவரு வேறயா" என்றார்கள். எனக்குத் தெரிந்த சாமிகளை அகர வரிசையில் கூப்பிடத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற கீழக்கரைக்காரர் துஆ ஓதினார். பாதுகாப்புக்கு அதிலும் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மைதானத்தை ஒரு சுற்று. நேராகப் போகும்வரை ராஜா மாதிரி போனது. ஜெனரேட்டர் ஷெட் பக்கம் திருப்பும்போது அர்பாப் ஸ்டியரிங்கை ஒடித்தார், வண்டி ஒடியாமல் நேராகவே போனது. முன் சக்கரங்களுக்குத் தரையில் பிடி இல்லை. பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்பதைப் பற்றி யோசித்துக்கொண்டே சறுக்கியது. ஷெட்டின் தகரத்துக்கு ஒரு முழம் முன்பாக நின்றது. தூசி அடங்கியது. பிறகு சமையல்காரர், "பிரியாணி வேணாம் சார். உசுரு இருக்கு, போதும்" என்றார். அர்பாப் இறங்கித் தலைத்துணியால் நெற்றியைத் துடைத்தார். யாரையும் பார்க்காமல், "கலாஸ்" என்றார்.

முடிந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். எவ்வளவு முடிந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளை வண்டியை வாங்கினார். மச்சான் அந்த வீட்டை ஒரு தடவை பாலைவனத்துக்கு இழுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தார், தண்ணீர் டேப்பை விட்டு நகரவில்லை. ஆனால் அர்பாப்பின் பிள்ளைகள் அந்த வண்டியைப் பானி டேங்கர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் ஆசை விட்டுப்போனது. அடுத்த குளிருக்கு மறுபடி கூடாரம். டிரெய்லர் யார்டில் நின்று மண் மூடியது. முகாமும் இல்லை, சமையலும் இல்லை, விசாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மச்சான் கம்பெனியின் இரும்புக் குழாய் ஏற்றும் டிரெய்லருக்கே திரும்பினார். வெகுநாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் சொன்னார். "நீ சொன்னது சரிதான் மாப்ள. சரியா இருந்து என்ன பண்ண?"

அந்தக் கேள்வியை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். விபத்து நடந்திருந்தால் நான் சொன்னது சரி என்று ஊரே சொல்லியிருக்கும். நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. அவர் மெதுவாக ஓட்டியிருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது, அக்கா வந்திருப்பாள் என்று சில நாள் தோன்றும். உடனே அந்த முழ இடைவெளி ஞாபகம் வரும், வயிறு பழையபடி டியூட்டிக்குக் கிளம்பும்.

இப்போது எல்லோரும் ஊரில்தான் இருக்கிறோம். சர்க்கரை மச்சானின் கண்களை எடுத்துக்கொண்டது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. மதுரை கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். அவர் பின் சீட்டில் உட்கார்ந்து என் கியர் மாற்றும் சத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டே வருவார். அக்கா முன்னால், என் பக்கத்தில். போன வாரம் நான்கு வழிச் சாலையில் ஏறியதும் அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அங்க ரோடெல்லாம் இப்பிடித்தான் இருக்குமாடா?"

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற வாய் என்னுடையது. அன்றைக்குக் கியரை மட்டும் மாற்றினேன். பின்னாலிருந்து மச்சான்தான் பேசினார்.

"தண்ணி எப்பிடி நிக்குது?"

கேள்வி எனக்கு என்று நினைத்தேன். அக்கா முன்னால் குனிந்து, டேப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கோட்டுலதான் நிக்குது" என்றாள். "நீங்க தூங்குங்க."