ஒன்றாம் வகைப் புயல்

துறைமுக ஒலிபெருக்கியில் இருபது ஆண்டுகளாகப் புயல் அறிவிப்பு வாசிப்பவள் அவள். காலையில் நான்காம் வகை என்று வாசித்த புயல், மதியம் ஒன்றாம் வகைக்கு இறங்கியிருந்தது. உடனே புயல் முகாமில் தங்கியிருந்த அக்கா ஃபோன் செய்தாள்.

“ஒண்ணுதானேடி? வீட்டுக்குப் போயிடவா?”

போ என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு ஏதோ இடித்தது. பக்கத்திலிருந்த வானிலை அலுவலரைக் கேட்டாள்.

“அந்த நம்பர் காத்தோட வேகத்துக்கு மட்டும்தாம்மா. மழையும் கடல் ஏறுறதும் அதுல வராது.”

இத்தனை வருடம் எதைத்தான் வாசித்தோம் என்று நினைத்தபடி ஃபோனை மீண்டும் காதில் வைத்தாள்.

“அங்கேயே இரு அக்கா. ஏன்னு கேக்காதே.”

காற்று கூரை ஓடு ஒன்றைக்கூடப் பெயர்க்கவில்லை. தண்ணீரோ அக்கா வீட்டு ஜன்னல்வரை ஏறியது. மறுநாள் இருவரும் சேறு வழித்தபோது, “இதுவாடி ஒண்ணு?” என்றாள் அக்கா. “காத்துக்கு மட்டும்தான் அக்கா ஒண்ணு” என்று ஜன்னலில் தண்ணீர் ஏறிய கோட்டைத் துடைத்தாள் தங்கை.