மெனேஜர் பெயருக்கு இரண்டு பக்கமும் சிரித்த முகங்கள்

ஹாலிஎலவிலிருந்து மூன்று கட்டை தூரம் மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ரெங்கசாமி கிளாக்கராக இருந்தார். பிறந்ததும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். அறுபத்தாறாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், சனிக்கிழமைதோறும் பதுளைக்கு இறங்கிப் போய் டைப்ரைட்டிங் படித்தார். வகுப்பு நடந்த அறைக்குக் கீழே ஒரு தகரக்கடை. அங்கே வாளி தட்டுகிற சத்தத்துக்கு மேலாக அடித்துப் பழகியதாலோ என்னவோ, அவர் டைப் அடித்தால் தோட்டத்து அலுவலகமான கந்தோரின் கண்ணாடியெல்லாம் அதிரும். ஆனால் பிழை வராது. கடிதத்தின் வலது ஓரமும் கூடியமட்டும் நேராக இருக்கும். அந்த ஓரத்துக்காகவே தோட்டத்தை நடத்தும் வீரக்கோன் தொரை அவரை வேறு தோட்டத்துக்கு மாற்ற விடாமல் வைத்திருந்தார்.

வீரக்கோன் தொரைக்கு நேர்கோடு என்றால் உயிர். தேயிலை நிரை நேராக வேண்டும், லயத்து வாசல்கள் நேராக வேண்டும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரும் ஆட்கள் நேராக நிற்க வேண்டும். கடிதத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னால் மேசையிலிருந்து கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து வலது ஓரத்தில் வைத்துப் பார்ப்பார். ஒரு எழுத்து வெளியே தலை நீட்டினாலும், "ரெங்கசாமி, இவன் ஏன் வெளிய நிக்கிறான்?" என்று கேட்பார்.

எண்பத்தாறில் கொழும்புத் தலைமைக் கந்தோர் தோட்டத்துக்கு ஒரு கொம்பியூட்டர் அனுப்பியது. தேயிலைப் பெட்டி ஏற்றிப் போன லொறி திரும்பி வரும்போது, இரண்டு கம்பளியில் சுற்றி அதைக் கொண்டு வந்தது. பெரிய கிளாக்கர் நல்லையா கற்பூரம் காட்டினார். கம்பளியை எடுத்தால் அதற்குக் குளிருமா என்று யாரோ கேட்டார்கள். பதில் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. அதனால் ரெங்கசாமி கொழும்பில் மூன்று நாள் பயிற்சி முடித்துத் திரும்பும்வரை அது கம்பளிக்குள்ளேயே இருந்தது.

திரும்பி வந்த ரெங்கசாமி முதல் கடிதத்தை அடித்து எடுத்தார். வலது ஓரத்தை மெசினே நேராக்கிக் கொடுத்தது. தொரை அடிமட்டம் வைத்தார். மேலே பார்த்தார், நடுவில் பார்த்தார், கீழே பார்த்தார். ஒரு எழுத்துக்கூட வெளியே நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இனிமே எல்லாம் இதுலதான்," என்றார்.

அடுத்த மாதம் பதுளைப் பிராந்தியக் கந்தோரிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. பதினாறு தோட்டங்களும் மாத அறிக்கையை இனிமேல் கடதாசியில் அனுப்பக் கூடாது, டிஸ்க்கில் அனுப்ப வேண்டும். பதுளைக் கந்தோரிலும் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. ஆனால் அதில் எழுதுகிற புரோகிராம் வேறு. இரண்டையும் வாங்கியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒன்றில் எழுதியதை மற்றது வாசிக்குமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலத்து டிஸ்க் கறுப்பாக, சதுரமாக, பிடித்தால் அப்பளம் மாதிரி வளையும். ரெங்கசாமி முதல் அறிக்கையை அதில் ஏற்றி நல்லையாவின் மேசையில் வைத்தார். நல்லையா அதில் பஞ்ச் மெசினால் இரண்டு ஓட்டை போட்டு, நாடா கோத்து, 'வெளியே போகும் கடிதங்கள்' பைலில் ஒழுங்காகச் சேர்த்துவிட்டார்.

"ஓட்டை போட்டுட்டீங்களேண்ணே," என்றார் ரெங்கசாமி.

"கந்தோருக்குள்ள வர்ற எதுக்கும் ரெண்டு ஓட்டை உண்டு தம்பி. இதுல நடுவுல ஏற்கனவே ஒரு ஓட்டை இருந்திச்சி. ஆனா அது சரியான எடத்துல இல்ல."

ரெங்கசாமி இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, கடிதப் பை சுமக்கும் தப்பால்காரர் மாடசாமியின் கையில் நேரே கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு அறிக்கையில் அவர் விசேஷ கவனம் எடுத்திருந்தார். பதுளை மெனேஜரின் பெயர் வரும் இடமெல்லாம் தடித்த எழுத்து போட்டார். 'கொழுந்து திருப்தியாக உள்ளது' என்ற வரியின் கீழே கோடு இழுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் தொரை அவரை உள்ளே கூப்பிட்டார். டெலிபோன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரெங்கசாமி, நீங்க மெனேஜரப் பாத்துச் சிரிச்சீங்களா?"

"இல்லைங்க தொரை. நான் அவர நேர்ல பாத்ததே இல்லைங்க."

"அவர் பேருக்கு ரெண்டு பக்கமும் சிரிக்கிற மூஞ்சி போட்டு அனுப்பியிருக்கீங்களாம். கருப்பு மூஞ்சி. மொத்தம் பதினாலு."

தன் இருபது வருஷத்து வேலையில் மூஞ்சி அடிக்கும் சாவி எதையும் ரெங்கசாமி கண்டதில்லை. அதைத்தான் சொன்னார். தொரை டெலிபோனை எடுத்து, "எங்க மெசின்ல அந்தச் சாவி இல்லையாம், சேர்," என்றார். மறுபக்கம் அதைக் கேட்டுச் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

மறுநாள் ரெங்கசாமி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினார். வேலை போய்விட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று மனைவி ஜெயலெட்சுமி அவருடைய பழைய டைப்ரைட்டிங் சர்ட்டிபிக்கட்டையும் பைக்குள் வைத்து அனுப்பினாள்.

பிராந்தியக் கந்தோரில் கொம்பியூட்டர் இருந்த அறையைப் பார்த்துக்கொண்டது முஹ்ஸினா. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஸலீமுடைய மகள், இருபத்துநாலு வயது. ரெங்கசாமியைப் பார்த்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்களா அந்த ஆளு? வாங்க, இரிங்க. நான் மூணு நாளா சிரிச்சுச் சிரிச்சு வயிறே நோகுது. மெனேஜர் முன்னுக்கு சிரிக்கவும் ஏலாது."

டிஸ்க்கைப் போட்டுக் காட்டினாள். ரெங்கசாமி திரைக்குக் கிட்டே குனிந்தார். மெனேஜர் பெயருக்கு முன்னால் ஒரு கறுத்த வட்ட முகம், பின்னால் ஒன்று. இரண்டும் பல்லைக் காட்டாமல், ஆனால் மிகவும் சந்தோஷமாகச் சிரித்தன. 'கொழுந்து திருப்தியாக உள்ளது' என்ற வரிக்கு முன்னால் இரட்டை ஆச்சரியக்குறி, பின்னாலும் இரட்டை ஆச்சரியக்குறி. அதை வாசித்தால் கொழுந்து திருப்தியாக இருப்பதை எழுதியவனே நம்பவில்லை என்பது போலிருந்தது.

அதோடு முடியவில்லை. அறிக்கை இங்கிலீசில். அதில் அநேகமாக எல்லாச் சொல்லிலும் கடைசி எழுத்து வேறாக மாறியிருந்தது. 'எல்' எழுத்தில் முடிகிற சொல்லின் கடைசியில் எட்டு ஒன்று மல்லாக்கப் படுத்திருந்தது. 'ரி' (t) எழுத்தில் முடிந்தால் அங்கே குடைப்பிடி ஒன்று தொங்கியது.

"இது நான் அடிச்சது இல்ல தங்கச்சி," என்றார் ரெங்கசாமி.

"எனக்கி விளங்குது. ஒங்கட புரோகிராம் அதுக்குத் தெரிஞ்ச ஒரு பாசையில குறிப்பு வச்சிருக்கி. எங்கட புரோகிராமுக்கு அந்தப் பாசை விளங்கல்ல. அதான் கையில கெடச்ச படத்த எல்லாம் காட்டுது."

அதை அவள் மெனேஜரிடம் போய்ச் சொன்னாள். மெனேஜர் கொஞ்ச நேரம் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாத முடிவுக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் மெசின் இரண்டையும் லொறியில் ஏற்றி அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

ஆகவே இருவரும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ரெங்கசாமி தடிப்பு, அடிக்கோடு என்று ஒவ்வொரு வித்தையாகத் தனித்தனியே செய்து டிஸ்க்கை அனுப்புவார். என்ன தெரிகிறது என்று முஹ்ஸினா டெலிபோனில் சொல்வாள். எது எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த டெலிபோன் கம்பியில் மூன்று தோட்டங்கள் சேர்ந்திருந்தன. ஒரு தோட்டம் பேசினால் மற்ற இரண்டும் கேட்கலாம், கேட்காமல் இருந்ததும் இல்லை.

"சொல்லுங்க தங்கச்சி."

"கருப்பு மூஞ்சி ஆறு. மல்லாந்த எட்டு நாலு. குடை பதினொண்டு."

"குடை பதினொண்ணா? போன தடவ முப்பத்திரண்டு சொன்னீங்களே."

"இந்த முறை பதினொண்டுதான் வந்திரிக்கி. மிச்சம் எப்பிடிக் காணாமப் போனதெண்டு நீங்கதான் பாக்கணும்."

அடுத்த நாள் காலையில் கந்தோர் வாசலில் இருபது பேர் நின்றார்கள். முன்னால் நின்றவள் கருப்பம்மா, கொழுந்து எடுக்கிறவள். ஒரு வாரமாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் தலையில் போட்டிருந்த சாக்கு நனைந்து சொட்டியது.

"என்ன கருப்பம்மா?"

"பதுளையில இருந்து நம்ம தோட்டத்துக்குக் குடை வந்திருக்காமுங்களே கிளாக்கரய்யா."

"குடையா? இல்லையே."

"முப்பத்திரண்டு அனுப்பினாங்களாம். பதினொண்ணுதான் வந்து சேந்துச்சாம். மிச்சம் எங்க போச்சுன்னு நாங்க கேக்கல. அது பெரியவங்க விசயம். அந்தப் பதினொண்ணுல ஒண்ணு குடுங்க, போதும்."

ரெங்கசாமி அவளை உள்ளே அழைத்துப் போய்த் திரையைக் காட்டினார். "இதுதான் குடை," என்றார். கருப்பம்மா நிதானமாகப் பார்த்தாள்.

"கைப்பிடி மட்டுந்தானே இருக்கு?" என்றாள். "துணி எங்கங்க?"

வெளியே போய் அதையே மற்றவர்களுக்கும் சொன்னாள். துணியை யாரோ உருவிக்கொண்டு வெறும் கம்பியை மட்டும் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சாயங்காலத்துக்குள் மூன்று தோட்டத்திலும் பேச்சு. கங்காணி ஒருவர் துணி கேட்டு மனு எழுதிக்கொண்டு வந்தார். கடைசியில் தொரைக்கே பொறுக்க முடியாமல் போய், ஸ்டோரில் கிடந்த பழைய மழைத் துணிகளை வெட்டி ஆளுக்கொன்று கொடுக்கச் சொன்னார். கருப்பம்மா வாங்கிக்கொண்டு, "கம்பிய நீங்களே வச்சுக்குங்க," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தக் கூத்துக்கு நடுவிலும் கண்டுபிடிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. தடித்த எழுத்துதான் கறுப்பு முகம். அடிக்கோடுதான் இரட்டை ஆச்சரியக்குறி. மல்லாந்த எட்டும் குடைப்பிடியும் எதனால் என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு நாள் ரெங்கசாமி வலது ஓரத்தை நேராக்கும் வசதியை நிறுத்திவிட்டு, குறிப்பு வைக்காத வெறும் எழுத்தாக ஒரு பக்கம் அடித்து அனுப்பினார். முஹ்ஸினா அதை வாசித்துவிட்டு டெலிபோன் எடுத்தாள்.

"அண்ணே, ஒண்டும் இல்ல."

"ஒண்ணுமே தெரியலையா?"

"இல்ல, எல்லாம் தெரியுது. மூஞ்சி இல்ல, எட்டு இல்ல, குடை இல்ல. வெறும் இங்கிலீசு."

ரெங்கசாமி சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உடனே அடுத்த நினைப்பு வந்தது. எட்டும் குடையும் அந்த நேர் ஓரத்தால் வந்த வினை. இதை வீரக்கோன் தொரையிடம் யார் சொல்வது?

அவர்தான் சொன்னார். தொரை அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். வலது ஓரம் பல்லுப்போன சீப்பு மாதிரி இருந்தது. அடிமட்டத்தைக் கையில் எடுத்தார், வைக்க மனம் வராமல் திரும்ப வைத்துவிட்டார்.

"இப்பிடி அனுப்பினா அங்க ஒழுங்கா வாசிப்பாங்களா?"

"வாசிப்பாங்க தொரை."

"நேரா அனுப்பினா?"

"சிரிப்பாங்க தொரை."

தொரை சன்னலுக்கு வெளியே தேயிலை நிரைகளைப் பார்த்தார். பிறகு, "கையால இடைவெளி விட்டு நேராக்க ஏலாதா?" என்றார்.

ஏலும். ஆனால் வரிக்கு வரி எழுத்தை எண்ணி, குறைகிற அளவுக்குச் சொல்லுக்கு நடுவில் வெற்றிடம் தட்ட வேண்டும். பன்னிரண்டு பக்க அறிக்கை. ரெங்கசாமி ஒன்பது நாள் எண்ணினார். வீட்டில் ஜெயலெட்சுமி கேட்டதற்கெல்லாம், எத்தனை எழுத்து என்று விரல் மடக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். "சோறு போடவா?"வுக்கு நடு வெற்றிடத்தோடு ஆறு என்றார்.

அறிக்கை பதுளைக்குப் போனது. ஒரு முகமும் இல்லை, ஓரமும் நேராக இருந்தது. மெனேஜர் தன் பெயரைத் தேடி வாசித்தார். பிறகு முஹ்ஸினாவைக் கூப்பிட்டு, மற்றப் பதினைந்து தோட்டத்துக் கிளாக்கர்மாரும் இவரிடம் போய்ப் படித்து வரட்டும் என்று கடிதம் அடிக்கச் சொன்னார்.

அவர்கள் வந்தார்கள். பெரகல பக்கத்திலிருந்து ஒருவர் டிஸ்க்கை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு வந்தார். இன்னொருவர் அதைக் கறுப்பு உறையிலிருந்து கத்தரித்து எடுத்து, உள்ளே இருந்த வட்டத்தை மட்டும் சுத்தமாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வந்தார். ரெங்கசாமி யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் புது டிஸ்க் கொடுத்து, வெறும் எழுத்தாக அடிக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார். தடிப்பு வேண்டிய சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரம் போட்டால் போதும், பதுளையில் முஹ்ஸினா அதைத் தடிப்பாக்கிக்கொள்வாள் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

எண்பத்தெட்டில் அவரையே பிராந்தியக் கந்தோருக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது முஹ்ஸினாவின் மேசைக்கு எதிர் மேசை அவருடையது. பதினாறு தோட்டத்து டிஸ்க்கும் முதலில் அவர் கைக்கு வரும். காலையில் வந்து உட்கார்ந்ததும், முற்றுப்புள்ளிக்குப் பிறகு ஒரு வெற்றிடம் விடுவதா இரண்டு விடுவதா என்று இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கும். அவர் இரண்டு என்பார், அவள் ஒன்று என்பாள். அவர் இரண்டாக ஆக்கி அனுப்பியதையெல்லாம் அவள் ஒன்றாக்குவாள். பத்து மணித் தேநீர் வந்ததும் நிறுத்திக்கொள்வார்கள்.