ரேலீன் வீட்டு முட்டை அட்டைகள்

எங்கள் ஊரில் யாரும் முட்டை அட்டையைக் குப்பையில் போடுவதில்லை. கடைசி முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றியதும் அட்டையைக் கையில் எடுப்போம், "ரேலீனுக்கு ஆகும்" என்போம், ஜன்னலோரம் வைப்போம். டாய்லெட் பேப்பர் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக்குழலும் அப்படித்தான். பால் பாட்டில் மூடி, ஐஸ்கிரீம் டப்பா, ஜோடி தொலைந்த காலுறை, எல்லாம் ரேலீனுக்கு ஆகும். கடைக்குப் போகும் நாளில் வண்டியில் ஏற்றிப்போய் அவள் வராந்தாவில் இறக்கிவிட்டு, தானதர்மம் செய்த திருப்தியோடு வீடு திரும்புவோம். குப்பையை அடுத்தவள் தலையில் கட்டிவிட்டு இத்தனை திருப்திப்படும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ரேலீன் பாஸ்கோ உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "வாசல்லயே வச்சிட்டுப் போங்க."

இந்த வினை தொடங்கியது ஒரு மழைநாளில். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் இந்த மேற்குப் பக்கத்தில் மழை வந்தால் சாலை சேறாகிவிடும், யாரும் எங்கும் போக முடியாது. அன்று சின்னப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் மாட்டிக்கொண்டு காது கிழியக் கத்தினார்கள். ரேலீனுடைய மகன் அப்போது மழலை மாறாதவன். அவன்தான் எல்லாரையும்விட உரக்க அழுதான். பொறுக்காமல் அவள் சமையலறையிலிருந்து ஒரு முட்டை அட்டையை எடுத்து நீளவாக்கில் வெட்டினாள். குழிகளைக் கவிழ்த்து வைத்துப் பச்சை பூசினாள். முன்னால் இரண்டு தீக்குச்சி செருகினாள். கம்பளிப்புழு! பிள்ளைகள் வாயை மூடினார்கள். அம்மாக்கள் வாயைத் திறந்தார்கள்: "ரே, உனக்கு என்னமா வருது இதெல்லாம்!" அந்த ஒரு புழுவோடு அவள் கதை முடிந்தது.

பிறகு ஈஸ்டர் தொப்பி ஊர்வலம். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் பிள்ளைகள் வீட்டில் செய்த தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தைச் சுற்றி வரவேண்டும். வீட்டில் செய்தது என்றால் எங்கள் ஊரில் ரேலீன் வீட்டில் செய்தது என்று பொருள். காகிதத் தட்டின் நடுப்பகுதியை மட்டும் பிட்சா வெட்டுவதுபோல முக்கோணங்களாகக் கீறி, முனைகளை மேலே மடக்கிவிட்டால் கிரீடம். ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து மைதாப் பசையில் பஞ்சு ஒட்டினால் கோழிக்குஞ்சு. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. பள்ளி முழுவதற்கும் செய்து பார்த்தால் தெரியும்.

அவள் வீட்டு நடையில் இரண்டு பக்கமும் அட்டை கூரைவரை அடுக்கியிருக்கும். பக்கவாட்டில்தான் நடக்க முடியும். குளியல் தொட்டி நிறையக் குழல்கள். படுக்கையறை ஜன்னலை ஐஸ்கிரீம் டப்பாக்கள் மறைத்துவிட்டதால் பகலிலும் விளக்குப் போடவேண்டும். புருஷன் நெவில் சுரங்க வேலைக்கென்று கிளம்பும்போது, "எனக்கு இங்க படுக்க எடம் இல்ல, ரே" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பு மட்டும்தான் பொய். அவன் திரும்பவில்லை. மகனும் வளர்ந்து பிரிஸ்பேனுக்கே போய்விட்டான். அட்டைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

ஒருநாள் அந்த நடையில் என் எதிரே நின்று, "மூச்சு முட்டுது, ட்ரூடி. ராத்திரி சரிஞ்சு என்மேல விழுந்தா, அதுக்குள்ள இருந்து என்னைத் தோண்டித்தான் எடுக்கணும்" என்றாள்.

"ஒரு தீக்குச்சி போதும்."

"போதும். ஆனா மறுநாளே ஊரே சேர்ந்து திரும்பக் கொண்டுவந்து கொட்டும். ஐயோ பாவம், ரேலீன் அட்டையெல்லாம் எரிஞ்சுபோச்சேன்னு."

அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய்ச் சமைத்தவள் அவள். அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் டெரி, வடக்கே கார்ப்பென்டேரியா வளைகுடாவில் இறால் படகு வைத்திருக்கிறான். சமையலுக்கு வா என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் இறால் பருவம் தொடங்குவதும் தொப்பி ஊர்வலமும் ஏறக்குறைய ஒரே சமயம். ஒவ்வொரு வருஷமும் படகு போகும், ரேலீன் பசையோடு இருப்பாள்.

படகிலும் அடைந்துதானே கிடக்கவேண்டும் என்று நான் கேட்டேன்.

"கெடக்கலாம்டி! சுத்தி தண்ணி. ஒருத்தியும் அட்டையைத் தூக்கிட்டு நீந்தி வரமாட்டா பாரு."

போன வருஷம் அவள் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தாள். பெயர்தான் பள்ளிப் பெற்றோர் சங்கம், ஊரே அதில் இருக்கிறது; அதன் ஆண்டுக் கூட்டத்தில்தான் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று முடிவாகும். கைவேலைப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்து, அவள் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் கூட்டத்துக்கு வராதவர் தலையில்தான் வேலையைக் கட்டுவோம் என்பது தவழும் பிள்ளைக்கும் தெரியும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் அதை எப்படி மறந்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆசை கண்ணை மறைத்திருக்கவேண்டும். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துக் கைதட்டினோம். டெரி வேறு ஆள் வைத்துக்கொண்டு போனான். "இன்னொரு தடவைதான் கூப்பிடுவேன், ரே. அப்பவும் வரலன்னா விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டான்.

அந்த இன்னொரு தடவை இந்த வருஷம் வந்தது.

கூட்டத்தன்று என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பெட்டி கட்டிட்டேன். நாளைக்குக் காலைல பஸ். கைவேலைன்னு பேரச் சொல்லும்போது நான் வாயைத் தெறந்தா செத்தேன், ட்ரூடி. பிள்ளைங்க மூஞ்சி ஞாபகம் வந்தா வாய் தானாத் தெறந்துடும்."

"தெறக்காத. அவ்வளவுதானே."

பள்ளி நூலகத்தில் குட்டிப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். வழக்கப்படி ஆளுக்கு ஒரு தட்டில் தின்பண்டம் கொண்டுபோயிருந்தோம். என்னுடையது காகிதக் கிண்ணங்களில் காய்ச்சி ஊற்றிய டாஃபி. என் டாஃபி பல்லைக் கழற்றும் என்று ஊரில் பேச்சு. ரேலீன் தட்டைப் பார்த்தாள், இருப்பதிலேயே பெரியதை எடுத்தாள், முழுசாக வாயில் போட்டு அழுத்திக் கடித்தாள். ஏன் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது.

தலைவர் பேஸில் ஹேகன் தாடியைச் சொறிந்துகொண்டு பதவிகள் அனைத்தும் காலி என்று அறிவித்தார். தலைவராக அவரே மறுபடி வந்தார், அவருக்கு அது பிடிக்கும். செயலர், பொருளாளர் எல்லாம் இழுபறியாக முடிந்தது. "கைவேலை, ஈஸ்டர் தொப்பி" என்றார்.

நிசப்தம். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் முதலில் பேசுபவர் மாட்டிக்கொள்வார், அதுவும் எங்கள் சட்டம்தான். மின்விசிறி சுற்றியது. யாரோ செருமப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

"அப்ப இந்த வருஷம் தொப்பி ஊர்வலம் கிடையாதுன்னு குறிச்சுக்கட்டுமா?" பேஸில் நேராக ரேலீனைப் பார்த்தார். "சின்னதுங்க ஏமாந்து போகும். என்ன கண்ணு, சொல்லு."

மகா பாவி! எங்கே அமுக்கினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ரேலீனின் கண்ணில் நீர் முட்டியது. தாடை அசைந்தது, பல் பிரியவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. மெதுவாகக் கையைத் தூக்கினாள். விரலை வாய்க்குள் விட்டாள். டாஃபியைப் பிய்த்தெடுத்துவிட்டு, சரி நானே செய்கிறேன் என்று சொல்லப் போகிறாள். பெட்டி கட்டி வைத்திருக்கிறாள், பஸ் காலையில், அப்படியும் சொல்லப் போகிறாள்.

"அவளை விடுங்கய்யா!" என்று கத்தினேன். "அவ இல்லாட்டி தொப்பி செய்ய ஊர்ல ஆளே இல்லையா?"

பேஸில் முகம் மலர்ந்தது. "ட்ரூடி! பெரிய மனசு உனக்கு."

"நான் அப்படிச் சொல்லல..."

"வழிமொழியறேன்" என்று இரண்டு பக்கமிருந்தும் குரல். கைதட்டல் கூரையைப் பிளந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பதை நான் அதுவரை பிறர் விஷயத்தில்தான் பார்த்திருந்தேன்.

ரேலீன் அழுதுகொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பேச முடியவில்லை, டாஃபி விடவில்லை.

விடிந்ததும் பேஸிலின் லாரி ரேலீன் வீட்டுக்கும் என் வீட்டுக்குமாக நடையடித்தது. உதவி செய்ய வந்த கூட்டத்தைப் பார்த்திருக்கவேண்டும், கொண்டுவந்து கொட்ட அத்தனை கைகள். ரேலீன் பஸ் படியில் ஏறிவிட்டு, மறுபடி இறங்கி ஓடிவந்து, வழியனுப்பப் போயிருந்த என் காதோரம் சொன்னாள். "யாராச்சும் முதல்ல கொண்டுவரும்போது 'வச்சிட்டுப் போங்க'ன்னு மட்டும் சொல்லிடாத. அதை ஒரு தடவை சொன்னா அவ்வளவுதான். 'வேணாம்'னு சொல்லு. நான் சொல்லியிருக்கணும்."

"நான் என்ன உன்ன மாதிரியா? மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுவேன்" என்றேன்.

அடுத்த வாரம் படகுத்துறையிலிருந்து போன் செய்தாள். என் வீட்டு நடையில் பக்கவாட்டில் நின்றுதான் பேசவேண்டியிருந்தது, முதுகில் அட்டை இடித்தது.

"இங்க ஒண்ணுமே இல்ல, ட்ரூடி!" காற்றில் அவள் குரல் அடித்துக்கொண்டு போனது. "எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்ணுமே இல்ல!" குழந்தை மாதிரி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சத்தியமாக. பொறாமையாகவும் இருந்தது.

அப்போது வாசலில் வண்டி நிற்கும் சத்தம். புதிதாகக் குடிவந்த போலீஸ்காரரின் மனைவி கம்பிக்கதவுக்கு வெளியே நின்றாள். கையில் ஒரே ஒரு முட்டை அட்டை.

"நீங்கதான் ட்ரூடியா? இதைத் தூக்கிப் போட மனசு வரல" என்றாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். நல்ல பெண்.

வேணாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வாசல்லயே வச்சிட்டுப் போம்மா" என்றேன். போனில் ரேலீனின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.