கல்மேட்டு ஸ்டேடியம்

என் வாழ்க்கையில நான் ஒரு ஸ்டேடியத்துக்குள்ளயும் கால் வெச்சதில்ல. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் பாதியில நிறுத்தி, நீ எந்த ஸ்டேடியத்தைய்யா பார்த்தேன்னு யாரும் கேக்கக் கூடாது. நான் பார்த்ததெல்லாம் பஜ்ஜி மடிச்சுக் குடுத்த பேப்பர்ல வந்த போட்டோ. மீதி நானா கட்டினது.

எண்பதுகளோட ஆரம்பம். படப்பை தாண்டி ஒரகடம் போற ரோட்டுல ஒரு தகரக் கொட்டகையில வேலை. கம்பெனி பேர் வேணாம். வண்டிக்கு வேண்டிய சின்னச் சின்னத் தகட்டுச் சாமான் அடிக்கிற இடம். நாலு பிரஸ், நாலு ஆளு. தகட்டைக் கையால உள்ள வெச்சு, காலால பெடலை மிதிச்சா, மேலேர்ந்து அச்சு இறங்கி ஒரு அடி அடிக்கும். எடுத்துப் போட்டுட்டு அடுத்த தகடு. காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சா மூணரை வரைக்கும் இதேதான். நான் கோடியில ஒரு மேஜையில உக்காந்து, அவங்க அடிச்ச பீஸைப் பார்த்து, நல்லதைத் தனியா எண்ணி எழுதுவேன். அந்த வேலை எவ்வளவு சலிப்புன்னு செய்யாதவனுக்குச் சொல்லிப் புரியவெக்க முடியாது. கண்ணைத் திறந்துக்கினே தூங்கக் கத்துக்கிட்டது அங்கதான்.

நாலாவது பிரஸ்ல இருந்தவன் என் கூட்டாளி. அவனுக்கு சேரப்பணஞ்சேரி, எனக்கு மணிமங்கலம். ஒண்ணா சைக்கிள்ல வருவோம், போவோம். ஒரு நாள் டீ குடிக்கறப்ப கேட்டான்: "நேத்து யாருடா ஜாஸ்தி அடிச்சது?"

எனக்கு எரிச்சல். "இன்னா, மேட்ச்சா நடக்குது இங்க? சரி, எழுதிக்கோ. பட்டினம் நாலு கோல், கல்மேடு ஒண்ணு."

"கல்மேடு எங்க கீது?"

"நீதான் கல்மேடு. ஒண்ணுக்கும் உதவாத டீம்."

இப்படித்தான் அந்த நாடு ஆரம்பிச்சது. அதுக்குப் பேர் வெக்கல, வெக்கணும்னு யாருக்கும் தோணவும் இல்ல. பிரஸ்ஸுக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு ஸ்டேடியம். டார்கெட்டுக்கு மேல அடிக்கிற ஒவ்வொரு அம்பது பீஸுக்கும் ஒரு கோல். ரிஜெக்ட் ஆனது கணக்குல சேராது. மறுநாள் காலையில டீ வர்ற நேரத்துல நான் ஸ்கோர் சொல்லணும். சும்மா சொன்னா விடமாட்டானுங்க, ரேடியோவுல சொல்ற மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லணும்.

பட்டினத்து ஸ்டேடியத்துக்குக் கடல் பக்கம் சுவரே கிடையாது. பந்து தண்ணியில விழுந்தா படகுக்காரங்கதான் எடுத்துத் தரணும். அவங்க டீம் தோத்துக்கினு இருந்தா பந்தைக் குடுக்காம படகை நகத்திடுவாங்க. மேல்சந்தையில வாரம் பூரா மாட்டுச் சந்தை, சனிக்கிழமை மட்டும் மேட்ச். விக்காத மாடு ஏதாச்சும் நின்னா, அது நகர்ற வரைக்கும் ஆட்டம் நிக்கும். பனியூரை நான் சொன்னப்ப பெரிய தகராறு. எங்கள்ல ஒருத்தனும் பனியைப் பார்த்ததில்ல. அந்த ஊர்க்காரங்க கையில உறை போட்டிருப்பாங்க, கை தட்டினா சத்தம் வராது, அதனால தட்டைத் தட்டுவாங்கன்னு முதல் பிரஸ்காரன் சொன்னான். அவன்தான் பனியூர். மறுநாளே சாப்பாட்டுத் தட்டைத் தட்ட ஆரம்பிச்சான், கடன்காரன்.

கல்மேட்டை மட்டும் நான் கட்டல. என் கூட்டாளி கட்டினான். கல்லுடைச்ச பெரிய பள்ளம்தான் ஸ்டேடியம். பாறையிலயே படி வெட்டியிருக்கும். மத்தியானத்துல தோசைக்கல்லு மாதிரி சுடும், அதனால ஜனங்க ஈரச் சாக்கு கொண்டாந்து போட்டு உக்காருவாங்க. டீம் தோத்தா ஒருத்தரும் எழுந்து போக மாட்டாங்க. "தோத்த அன்னிக்குத்தான் சத்தம் ஜாஸ்தி வரணும், அதான் கல்மேடு"ன்னு சொல்லுவான். தினமும் தோத்தான். அவன் மெஷின் அப்படி, மிதிச்சா ரெண்டு தடவைக்கு ஒரு தடவை மாட்டிக்கும். தோத்துட்டு வந்து, டீ கிளாஸைக் கையில வெச்சுக்கினு, கத்துவான் பாரு, ஜெயிச்ச பட்டினத்துக்காரனுக்கே வெக்கமாயிடும்.

ரெண்டு மூணு மாசம் இப்படி ஓடிச்சு. பீஸு கூடினதை சூப்பர்வைசர் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தார். ஒண்ணும் கேக்கல. கார்டுன்னு ஒண்ணு உண்டு பிரஸ்ல, கை உள்ள இருக்கறப்ப அச்சு இறங்காம தடுக்கிற கம்பிக் கதவு. ஒவ்வொரு அடிக்கும் அதை இறக்கி ஏத்தணும். கம்பி போட்டு மேல கட்டிட்டா வேகமா அடிக்கலாம். பட்டினம் கட்டிக்கிட்டு அடிச்சான். அப்புறம் மேல்சந்தை. எல்லாம் அவர் கண்ணு முன்னாலதான்.

அந்த மாசம் நாலாவது பிரஸ்ஸை ரிப்பேர் பண்ணாங்க. கல்மேடு முதல் தடவையா ஃபைனலுக்கு வந்திச்சு, பட்டினத்தோட. சனிக்கிழமை காலையில என் கூட்டாளி சைக்கிள் கேரியர்ல நெஜமாவே ஈரச் சாக்கு வெச்சுக்கினு வந்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் அவன் போய்க் கார்டைக் கட்டினான். அதுவரைக்கும் அவன் கட்டினதில்ல. நான் பார்த்தேன். பார்த்துட்டு என்ன நெனச்சேன் தெரியுமா? இன்னிக்கு ரெண்டு கோல் கூட வரும்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்.

பதினோரு மணி இருக்கும். அவன் கத்தல. "அய்யோ, பீஸு போச்சே"ன்னான். அப்புறம்தான் கையைப் பார்த்தான். வலது கையில மூணு விரல் இல்ல.

கம்பெனி வேன்ல ஸ்ரீபெரும்புதூர் போயி, அங்க முடியாதுன்னு மெட்ராஸ் போனோம். அவன் கையைத் துண்டால சுத்தி நான்தான் தூக்கிப் பிடிச்சிருந்தேன். என் சட்டையெல்லாம் ரத்தம். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, குளிச்சுட்டு, ரெண்டு தடவை சோறு போட்டுக்கிட்டு சாப்பிட்டேன். ரசத்துல உப்பு இல்லன்னு பெண்டாட்டிகிட்ட சண்டை போட்டேன். அழுகை வரும்னு பார்த்தேன், வரல.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அவன் கேட்ட முதல் கேள்வி, "மேட்ச் இன்னா ஆச்சு?"

அவன் அடிபட்டதும் பட்டினத்துக்காரனும் பெடல்லேர்ந்து காலை எடுத்துட்டான், அன்னிக்கு அப்புறம் மிதிக்கவே இல்ல. அதனால, "மேட்ச் முடியலடா"ன்னேன்.

"அப்ப நாங்க இன்னும் தோக்கல"ன்னு சொல்லிட்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சு மேல வெச்சுக்கினு தூங்கிட்டான். அந்த வார்த்தையை அப்பவே வெட்டி விட்டிருக்கணும். விடல.

விசாரணையில, "கார்டை நான்தான் கட்டினேன், வேற யார் மேலயும் தப்பில்ல"ன்னு அவனே சொல்லிட்டான். கொஞ்ச நாள் டீ நேரத்துல யாரும் ஸ்கோர் கேக்கல. ரெண்டு மாசம் கழிச்சு சூப்பர்வைசர் என் மேஜைகிட்ட வந்து நின்னார். "என்னப்பா, சத்தமே காணோம். ஒரு மேட்ச் பாக்கி இருக்குல்ல?"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். மறுநாள் நான் ஸ்கோர் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கல. சொல்லணும்னு ஆசையும் இல்ல, வேணாம்னும் தோணல. வாய் பாட்டுக்குச் சொல்லிச்சு.

நாலாவது பிரஸ்ஸுக்குத் தெக்கத்தி ஆளு ஒருத்தர் புதுசா வந்திருந்தார். கல்யாணமாகி மூணு மாசம். வேலையில சுத்தம், வாய் பேசமாட்டார். என் கூட்டாளியையும் திரும்பக் கூப்பிட்டு ஸ்டோர்ல போட்டாங்க, எண்ணெய் துடைக்கிற துணி எடுத்துக் குடுக்கிற வேலை. அவன் ஸ்டோர்ல எங்க இருந்தான்! எப்பப் பார்த்தாலும் நாலாவது பிரஸ் பின்னாடிதான். அந்த ஆளுக்குக் கல்மேட்டோட ஒவ்வொரு படியையும் சொல்லிக் குடுத்தான். முதல்ல அவர் சிரிச்சார். அப்புறம் அவரே, "நம்ம ஊரு இன்னைக்கு எத்தனை அண்ணாச்சி?"ன்னு என்கிட்ட கேக்க ஆரம்பிச்சார்.

பாக்கி ஃபைனலை வெச்சே ஆகணும்னு என் கூட்டாளி ஒத்தக்கால்ல நின்னான். வெச்சோம். அன்னிக்குக் காலையிலேர்ந்து, "மிதி, மிதி, அவன் முன்னால போறான்"னு அந்த ஆளு காதுல கத்திக்கினே இருந்தான். பன்னெண்டு மணிக்கு நான் எண்ணினப்ப பட்டினம் நாப்பது பீஸ் முன்னால. போய்ச் சொன்னேன். ஆமா, நான்தான் போய்ச் சொன்னேன்.

திரும்பி மேஜைக்கு வந்து உக்காந்து பார்க்கறேன், என் கூட்டாளி கையில கட்டுக்கம்பி. அந்த ஆளு கார்டைத் தூக்கிப் பிடிச்சிருக்கார். இவன் இடது கையால கம்பியைச் சுத்தறான். வலது கையால இறுக்க முடியல, அதனால முனையைப் பல்லால கடிச்சு இழுக்கறான். கட்டி முடிச்சுட்டு, "இப்ப அடி"ன்னு அந்த ஆளு முதுகுல தட்டினான். அவர் தகட்டை எடுத்துக் கையை உள்ள விட்டார்.

எனக்குப் பயம் வந்திச்சு. அத்தனை மாசத்துல எனக்கு வந்தது அது ஒண்ணுதான். எப்படி எழுந்தேன்னு தெரியல, ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிட்டேன். நாலு பிரஸ்ஸும் நின்னுச்சு.

"யாருடா அது?"ன்னு என் கூட்டாளி திரும்பினான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு நம்பவே முடியல. "இன்னும் ஒரு மணி நேரம் குடுத்தா எட்டிப் புடிச்சிடுவோம்டா. போடு சுவிட்சை."

"போட மாட்டேன். போதும்."

"இன்னா போதும்? மேட்ச் நடந்துகினு கீது."

"மேட்ச்சும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல"ன்னு கத்தினேன். "கல்மேடுன்னு ஒரு ஊரே கிடையாதுடா. பட்டினமும் கிடையாது. பொழுது போகலன்னு நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எல்லாமே பொய்."

அந்தத் தெக்கத்தி ஆளு மெதுவாக் கையை வெளிய எடுத்து வேட்டியில துடைச்சுக்கிட்டார். பத்து விரலும் இருந்திச்சு. நான் எண்ணினேன்.

என் கூட்டாளி கிட்ட வந்தான். அடிப்பான்னுதான் நெனச்சேன். அடிக்கல. மிச்சமிருந்த ரெண்டு விரலால என் சட்டையைப் பிடிச்சுக்கினு, யாருக்கும் கேக்காத குரல்ல கேட்டான்: "எல்லாம் பொய்யின்னா, என் விரலு எதுக்குடா போச்சு?"

நான் அவன் மூஞ்சியைப் பார்க்கல. சாப்பாட்டுச் சங்கு ஊதிச்சு, எல்லாரும் கை கழுவப் போனாங்க. அவன் மட்டும் சட்டையை விடாம, நான் பதில் சொல்லுவேன்னு நின்னுக்கினு இருந்தான்.